கருவியும் நிரலரும்



ஒரு தொழிலுக்கோ அலுவலகத்துக்கோ மென்பொருள் வேண்டுமானால் அதனை எவ்வாறு பெறுவது? நிரல் எழுதத் தெரிந்த ஒருவரை அமர்த்தி, நம் தேவைக்கென்றே எழுதச் செய்வது ஒரு வழி. நிரலே அறியாதவரும் திரையில் உள்ள கட்டங்களை இழுத்து வைத்து, வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து, தமக்கு வேண்டிய செயலியைத் தாமே அமைத்துக்கொள்ள உதவும் கருவியை நாடுவது மற்றொரு வழி. இவ்வகைக் கருவியை 'நோ-கோட்' என்று வழங்குகிறார்கள். நாம் இதனை நிரலில்லாக் கருவி என்று சொல்லிக்கொள்வோம். இவ்விரு வழிகளுள் எதனை, எப்போது கொள்ளுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் கணினி வல்லுநன் அல்லேன். வடசென்னைப் பள்ளிகளில் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்று, மாதவரத்தில் வாழ்பவன். ஆயினும் இக்கேள்வி என்னைத் தேடி வருகிறது. என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று லாரி வைத்திருக்கிறார்கள், கிடங்கு நடத்துகிறார்கள், பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்கள் வந்து கேட்கிறார்கள். ஆசிரியத் தொழிலும் இதற்கு முற்றிலும் அயலானது அன்று. அறியாத ஒருவருக்கு ஒரு செயலைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வதே எங்கள் தொழில். கணினியைவிட அறியாத மாணவன் வேறு யார் இருக்க முடியும்?

நிரலரின் துணையின்றியே கணினியை ஆள வேண்டும் என்னும் விருப்பம் இன்று நேற்று எழுந்ததன்று. கணினிக்குக் கட்டளையிடுவது தொடக்கத்தில் எண்களாலும் குறியீடுகளாலும் ஆன கடுமையான வேலையாக இருந்தது. அலுவலர்களும் வணிகர்களும் படித்தறியத்தக்க ஆங்கிலச் சொற்களால் கட்டளைகள் அமைய வேண்டும் என்று வாதாடியவர், அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார். அவருடைய முயற்சியின் வழியிலேயே 1959-ஆம் ஆண்டில் கோபோல் என்னும் கணினி மொழிக்கு அடிகோலினர். மொழி எளிதாயிற்று. ஆனால் நிரலர் மறைந்தாரா? இல்லை. கோபோல் எழுதுவதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டுப் பெருந்திரளாக விண்ணப்பித்தார்கள். பழைய கணினிகள் திணறின. நியூ ஜெர்சி மாநில ஆளுநர், கோபோல் அறிந்தவர்கள் உதவிக்கு வருமாறு வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார்.

அடுத்து, 1979-இல் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்னும் இருவர் விசிகால்க் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். கட்டங்களில் எண்களை இட்டு, ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்கள் எல்லாம் தாமே மாறும்படி அமைந்தது அது. இன்று நீங்கள் பயன்படுத்தும் எக்செல் அந்த மரபில் வந்ததே. ஒரு கணக்கர் தம் கணக்குக்காக நிரலரிடம் சென்று காத்திருக்க வேண்டிய நிலை இதனால் பெரிதும் மாறியது.

இந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தோன்றி, 2009-இல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 2006-ஆம் ஆண்டிலேயே சோஹோ கிரியேட்டர் என்னும் கருவியை வெளியிட்டது. படிவம் அமைக்கலாம், பட்டியல் எடுக்கலாம், ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்க்குமாறு செய்யலாம். இவற்றுள் பலவற்றுக்கு நிரல் வேண்டுவதில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அக்கருவிக்குள்ளேயே டெலூஜ் என்னும் சிறு நிரல்மொழி ஒன்றும் இருக்கிறது. கட்டங்களை இழுத்து வைப்பதால் மட்டும் எல்லாத் தேவையும் நிறைவேறுவதில்லை என்பதற்கு இதுவே சான்று. அந்நிறுவனமே, கல்லூரிப் பட்டம் இல்லாத இளைஞர்களைச் சேர்த்து நிரல் எழுதவும் பயிற்றுவிக்கும் பள்ளியை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறது. நிரலில்லாக் கருவியை விற்பவருக்கும் நிரலர் வேண்டியிருக்கிறது என்பது சிந்திக்கத் தக்கதன்றோ?

இனி, பொதுவாகப் பேசுவதை விடுத்து ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மாதவரம் லாரிகளின் ஊர். கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வழியே போகிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த லாரி முனையம் இங்கே இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கும், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கும், காட்டுப்பள்ளிக்கும் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர்களை இரவும் பகலும் இங்கே காணலாம். அத்தகைய டிரெய்லர்கள் ஒன்பது வைத்திருக்கிறார் என் பழைய மாணவர் ஒருவர். அவருடைய ஆபீசில் கணக்கு என்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு டிரிப் ஷீட், டிரைவருக்குக் கொடுத்த அட்வான்ஸ், டீசல், பேட்டா, காத்திருந்த நாளுக்கு ஹால்டிங் பணம். இவற்றோடு ஒவ்வொரு வண்டிக்கும் எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் ஆகியவை முடியும் நாளை நினைவில் வைக்க வேண்டும்.

வணிகவியல் படிக்கும் அவருடைய மகள், நிரலில்லாக் கருவி ஒன்றைக் கொண்டு, மாலை வேளைகளில் உழைத்து, இரண்டு வாரத்தில் இவற்றுக்கெல்லாம் ஒரு செயலி அமைத்துவிட்டாள். பர்மிட் முடிய பதினைந்து நாள் இருக்கும்போதே கைப்பேசியில் செய்தி வந்தது. டிரிப் ஷீட்டைத் தேடிக் கட்டுக்கட்டாகப் புரட்ட வேண்டிய தொல்லை ஒழிந்தது. தந்தைக்கு மட்டற்ற மகிழ்ச்சி.

இரண்டாம் மாதத்தில் ஒரு டிரைவர் கணக்குப் பார்க்க வந்தார். துறைமுக வாயிலை நோக்கி நின்ற வரிசையில் அவர் வண்டி மூன்று இரவுகள் நின்றிருந்தது. செயலியில் புறப்பட்ட நாளுக்கு ஒரு கட்டமும், திரும்பிய நாளுக்கு ஒரு கட்டமும் இருந்தன. நடுவே நின்ற நாளைக் குறிக்க இடமே இல்லை. ஆகவே ஒரு டிரிப்புக்கு உரிய பேட்டா மட்டுமே கணக்கில் வந்தது. "மூணு நாளு ரோட்டுல கிடந்தேனே அண்ணே, அது எங்கே போச்சு?" என்று அவர் கேட்டிருக்கிறார். திரையில் கணக்குச் சரியாகவே தெரிந்தது. அந்த மனிதருடைய மூன்று நாள் கூலிதான் காணாமற் போயிருந்தது. பழைய நோட்டுப் புத்தகம் இருந்த காலத்தில், ஓரத்தில் பென்சிலால் 'ஹால்டிங் 3' என்று எழுதி வைப்பார்களாம். ஓரம் இல்லாத புத்தகமாக அமைந்துவிட்டது புதிய செயலி.

என் மாணவர் வந்து, "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நிரலர் ஒருவரை வைத்துக்கொள்ளட்டுமா சார்?" என்று கேட்டார். "முதலில் டிரைவருக்குப் பணம் கணக்கிடும் விதிகளைத் தமிழில் எழுதிக் கொண்டு வா தம்பி" என்றேன். அவர் அங்கேயே அமர்ந்து மூன்று வரி எழுதினார். "இரண்டு டிரைவர்களையும் உடன் வைத்துக்கொண்டு எழுது" என்று அனுப்பினேன். மறுநாள் பத்தொன்பது வரிகளோடு வந்தார். வழியில் டிரைவர் மாறினால் பேட்டாவை எப்படிப் பிரிப்பது? வண்டி பழுதாகி நின்ற நாளுக்கு ஹால்டிங் உண்டா? முன் டிரிப்பின் அட்வான்ஸ் மிச்சத்தை எந்த டிரிப்பில் கழிப்பது? நள்ளிரவு கடந்து திரும்பினால் அது எந்த நாள்? இவற்றுள் சில, முதலாளியாகிய அவரே அன்றுவரை அறியாதவை. டிரைவர்களும் ஆபீஸ் குமாஸ்தாவும் தமக்குள் வழக்கமாக வைத்துக்கொண்டிருந்தவை.

நண்பர்களே, நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். மூன்று வரியைக் கருவியிடம் கொடுத்தால் மூன்று வரிக்குரிய செயலி கிடைக்கும். அதே மூன்று வரியை மிகச் சிறந்த நிரலரிடம் கொடுத்தாலும், அவர் கேள்வி கேட்டுத் துருவாதவராயின், அதே மூன்று வரிக்குரிய மென்பொருளைத்தான் அழகாக எழுதித் தருவார். பதினாறு வரிகள் இரண்டிலும் விடுபடும். நிரலில்லாக் கருவி நிரல் எழுதும் உழைப்பை நீக்கும். வேலையை ஆராய்ந்து, அதன் விதியையும் விதிவிலக்கையும் கண்டறியும் உழைப்பை அது நீக்குவதில்லை.

பள்ளிக் கால அட்டவணை போட்டவர்கள் இதனை அறிவார்கள். எந்த ஆசிரியருக்கு எத்தனை பாடவேளை என்பது தாளில் இருக்கும். ஆய்வுக்கூடம் ஒன்றே என்பதும், கணக்குப் பாடம் நாள்தோறும் கடைசி வேளையில் விழக்கூடாது என்பதும், இரண்டு பள்ளிகளுக்குப் பொதுவான ஓவிய ஆசிரியர் செவ்வாயும் வியாழனும்தான் வருவார் என்பதும் தலைமையாசிரியர் மனத்தில் இருக்கும். மனத்தில் இருப்பதைத் தாளில் கொண்டுவருவதே கடினம். அதன்பின் கட்டத்தை நிரப்புவது பெரிதன்று.

இரண்டு வழியிலும் இடர் உண்டு என்பதற்கு இங்கிலாந்து நாடு இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கொரோனாத் தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமற் போனார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய முடிவுகளை எக்செல்லின் பழைய கோப்பு வகையில் ஏற்றியிருந்தனர். அவ்வகைக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை விடுபட்டன. நோயுற்றோருக்குத் தம் முடிவு கிடைத்திருந்தது. ஆனால் அவரோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை நாட்கணக்கில் தாமதமாயிற்று. எளிய கருவியை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டு சென்றதன் விளைவு இது.

மற்றொன்று, பெரும்பொருள் செலவிட்டுத் தனக்கென்றே மென்பொருள் செய்வித்த கதை. பிரிட்டனின் அஞ்சலகக் கிளைகளுக்காக ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் 1999-இலிருந்து நிறுவப்பட்டது. அதன் பிழைகளால், இருக்கும் பணத்தில் குறைவு இருப்பதாகக் கணக்குக் காட்டியது. கிளைகளை நடத்தியோர் நாங்கள் எடுக்கவில்லை என்று மன்றாடினார்கள். கணினி சொல்வதே மெய் என்று கொண்டு அவர்கள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளைப் பெருமளவில் நீக்க வேண்டியதாயிற்று. வல்லுநரை அமர்த்திவிட்டோம் என்பதனால் மட்டும் கணக்குச் சரியாகிவிடாது. தவறு என்று ஒருவர் சொல்லும்போது அதனைக் கேட்கவும் ஆராயவும் ஆள் இருக்க வேண்டும். மாதவரத்து டிரைவர் கேட்ட கேள்வியும் அந்த அஞ்சலகத்தார் கேட்ட கேள்வியும் ஒன்றேயல்லவா?

அங்ஙனமாயின் தேர்வு செய்வது எப்படி? பள்ளி திறக்கும் காலத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைக் கடைகளுக்குச் செல்கிறோம். சீருடை ஆயத்த ஆடையாகவே கிடைக்கிறது, வாங்கிக்கொள்கிறோம். கை சற்று நீளமானால் மடித்துத் தைத்துக்கொள்கிறோம். தோள் ஒரு பக்கம் தாழ்ந்த பிள்ளைக்கு மட்டும் தையற்காரரிடம் அளவு கொடுக்கிறோம். மென்பொருளிலும் இம்மூன்று நிலைகள் உண்டு. எல்லா வணிகருக்கும் பொதுவான வரவு செலவு, ஜி.எஸ்.டி. கணக்கு போன்றவற்றுக்கு ஆயத்தமாக விற்கும் மென்பொருளே தகும். அதனைப் புதிதாகச் செய்ய முனைவது வீண் செலவு. படிவம், பட்டியல், நினைவூட்டல் போன்ற சிறு தேவைகளுக்கும், இன்னும் வடிவம் பெறாமல் மாதந்தோறும் மாறும் வேலைகளுக்கும் நிரலில்லாக் கருவி ஏற்றது. நம் தொழிலுக்கே தனியாக உரியதாய், விதிவிலக்குகள் மிகுந்ததாய், தவறினால் ஒருவருடைய கூலியோ உடல்நலமோ மானமோ கெடும் என்ற நிலையில் உள்ள பகுதிக்கு நிரலர் வேண்டும்.

என் மாணவரும் இவ்வாறே பிரித்துக்கொண்டார். பர்மிட் தேதிகளும் டிரிப் ஷீட்டும் மகள் அமைத்த செயலியிலேயே இருக்கின்றன. வரிக் கணக்கு, கடையில் வாங்கிய மென்பொருளில் நடக்கிறது. டிரைவர்களுக்குப் பணம் தீர்க்கும் பகுதியை மட்டும், திருவொற்றியூரைச் சேர்ந்த இளம் நிரலர் ஒருவர் அந்தப் பத்தொன்பது வரிகளைக் கொண்டு எழுதினார். எழுதுமுன் அவர் மேலும் ஆறு கேள்விகள் கேட்டாராம். நல்ல நிரலருக்கு அடையாளம் அதுவே. இரண்டு மாதம் பழைய நோட்டுப் புத்தகத்தையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்த பின்னரே நோட்டை மூடினார்கள். இப்பொழுது ஒவ்வொரு டிரைவருக்கும், எந்தத் தொகை எதனால் வந்தது என்று தமிழில் அச்சிட்ட சீட்டுக் கிடைக்கிறது. கையில் சீட்டு இருப்பதால் அவர் கேள்வி கேட்க முடிகிறது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். மென்பொருளின் செலவு அதனைச் செய்து முடிக்கும் நாளோடு முடிவதில்லை. சரக்கு வண்டிகளுக்கான இ-வே பில் 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று அதன் செல்லுபடிக் காலத்தைக் கணக்கிட்டார்கள். 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டர் என்று மாற்றினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. டிரைவர் கையில் டோலுக்கென்று கொடுக்கும் பணத்தின் கணக்கே மாறிவிட்டது. விதி மாறும், அதற்கேற்ப மென்பொருளும் மாற வேண்டும். யார் மாற்றுவார் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிரலில்லாக் கருவி வாடகை வீடு போன்றது. ஒவ்வொரு பயனருக்கும் மாதந்தோறும் கட்டணம் என்பதே பெரும்பாலும் வழக்கம். ஆட்கள் கூடக் கூடக் கட்டணமும் கூடும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதும் உண்டு. கூகுள் நிறுவனம் ஆப் மேக்கர் என்னும் இத்தகைய கருவியை மூடப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்து, 2021 ஜனவரியில் மூடிவிட்டது. அதில் சேர்த்த தரவுகளை எடுத்துக்கொள்ள முடிந்தது. அமைத்த செயலிகளை வேறிடத்தில் மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. ஆகவே, தரவுகளை எப்பொழுது வேண்டுமானாலும் முழுமையாக வெளியே எடுக்க இயலுமா என்று பார்த்த பின்னரே குடியேற வேண்டும்.

நிரலரைக் கொண்டு கட்டுவது சொந்த வீடு என்று பலர் எண்ணுகிறார்கள். பட்டா யார் பெயரில் என்று பார்த்தார்களா? 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் தம் பணியில் எழுதும் நிரலின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையேல், முதலாளிக்கு உரியது. வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் எழுதித் தருபவரின் நிரலோ, எழுத்தால் உரிமை மாற்றித் தராத வரையில், பொதுவாக எழுதியவருக்கே உரியது. பணம் கொடுத்தேன் என்பது மட்டும் போதாது. உரிமையை எழுத்தில் பெற வேண்டும். மூல நிரலையும் அதன் விளக்கத்தையும் கையில் வாங்க வேண்டும். இல்லையேல் அந்த இளைஞர் வேறு வேலைக்குச் சென்ற மறுநாள், பூட்டிய வீட்டின் வாயிலில் நிற்பது போலாகும்.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. வேண்டியதைத் தமிழில் சொன்னாலே நிரலை எழுதித் தருகிறது. இனிக் கருவி எதற்கு, நிரலர் எதற்கு என்று கேட்பீர்கள். அதனிடமும் மூன்று வரி சொல்லலாம். பத்தொன்பது வரியும் சொல்லலாம். அது எழுதியது சரியா என்று சோதிக்க, எது சரி என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று இரவு நின்ற டிரைவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை எந்த நுண்ணறிவும் தானாக அறியாது. அது மாதவரத்து வழக்கம். மனிதர் மனிதருக்குக் கொடுத்த சொல்.

மாணவர்களே, நீங்கள் நிரல் கற்பவராயினும் அல்லராயினும் உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பள்ளி நூலகத்தையோ, விடுதி உணவுக் கணக்கையோ, உங்கள் தெருக் கடையின் பற்றுவரவையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதிகளைத் தமிழில் எழுதுங்கள். எழுதி முடித்ததும், அந்த வேலையை நாள்தோறும் செய்பவரிடம் சென்று, "இதில் விட்டுப்போனது என்ன?" என்று கேளுங்கள். நூலகர் சொல்வார்: தேர்வுக் காலத்தில் கெடு நாள் தள்ளிப்போகும், மழையில் நனைந்த நூலுக்கு ஒரு முறை உண்டு, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவனின் நூற்கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். அவற்றையும் எழுதுங்கள். அதன்பின் நிரலில்லாக் கருவியிலோ, பைத்தானிலோ, எதில் வேண்டுமானாலும் அமைத்துப் பாருங்கள். பழைய ஏட்டோடு ஒரு மாதம் ஒத்துப் பாருங்கள். இவ்வளவும் செய்தவனுக்கு நாளை கருவிகள் மாறினாலும் தொழில் போகாது. கருவியின் பொத்தான்களை மட்டும் கற்றவனுக்கு, அக்கருவி மூடப்படும் நாளில் கல்வியும் மூடப்பட்டுவிடும்.

வேலை தேடும் பருவத்தில் இருப்பவர்கள், நிரலர்க்கு இனி இடமில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை. கேள்வி கேட்டுத் துருவி அறியும் நிரலருக்கு எண்ணூரிலும் இராயபுரத்திலும் மாதவரத்திலும் வேலை நிரம்பக் கிடக்கிறது. ஒவ்வொரு கிடங்கிலும், ஒவ்வொரு லாரி ஆபீசிலும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.